பச்சை வீட்டு மஞ்சள் பாப்பா

எவ்ரோஸ் எல்லை முகாம்
பிப்ரவரி 9

அன்புள்ள பெலாகியா அக்கா,

நீ நலமா, பாப்பா நலமா, உன் புருஷன் இன்னும் மூச்சு விடுகிறானா? நான் நலம். முகாமில் கொடுக்கும் பீன்ஸ் சூப்பைத் தவிர எனக்கு வேறு நோய் இல்லை.

அனெஸ்டிஸ் போய்க் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. காவல் மேடையில் நின்றபடி நம் பச்சைக் கால்பந்து அணியின் ஆட்டத்துக்கு என் சேனலில் நேரலை வர்ணனை கொடுத்தேன். நானூறு பேர் பார்த்தார்கள். அதில் ஒரு ஆள் தளபதி. "எல்லையப் பாருடான்னு நிறுத்துனா பந்தப் பாத்துட்டிருக்கியா நீ?" என்றார். போன் இப்போது அவர் அலமாரியில் கிடக்கிறது. ராணுவப் பணி முடிகிற அன்றுதான் கிடைக்குமாம்.

சரி, விஷயம். ஆகஸ்டில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன் என்று நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். குறைமாதப் பிள்ளை, ஆஸ்பத்திரி, காய்ச்சல் என்று தள்ளித் தள்ளி இரண்டரை வயதாகிவிட்டது. கோயிலில் ஞானத்தகப்பன் சொல்கிற வரை பெயர் கிடையாது என்பதால் இன்னும் 'பாப்பா, பாப்பா' என்றே கூப்பிடுகிறோம். இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. உடுப்பு, மெழுகுவர்த்தி, வந்தவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை பாதாம் எல்லாம் என் பொறுப்பு. எல்லாமே பச்சை. நான் பச்சையில் முழுக்கெடுத்தவன், நீயும் அப்படித்தான். அப்பா உன் தொட்டிலுக்கே அணிக்கொடி கட்டியவர்.

மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கிறதோ அதுதான் ஆயுளுக்கும் என்று கோஸ்மாஸ் சொல்கிறான். மைதானத்தின் நான்காம் வாயில் ரசிகர் கூட்டத்தில் நூறு வெறியர்களை மேய்க்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே முதல் தவணை இத்துடன்: பச்சைத் தவளை, பச்சைப் போர்வை, பச்சைத் தொப்பி. தவளையை அழுத்தினால் கத்தும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
அனெஸ்டிஸ்

~

கலோலிமானி
மார்ச் 3

அன்புத் தம்பி,

இங்கே எல்லோரும் நலம். குளிருக்கு உள்சட்டை போடுகிறாயா? இருமல் வந்தால் அசட்டையாக இருக்காதே.

பொட்டலம் வந்தது. போர்வை நல்ல மெத்தென்று இருக்கிறது. தவளை கத்தினால் பாப்பா திரும்பிப் பார்க்கிறாள், நிறுத்தினால் விட்டுவிடுகிறாள். சோபாவில் அவள் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு மஞ்சள் கிண்ணம் இருக்கிறது. சந்தையில் இனாமாகக் கொடுத்தது. அதில்தான் பால் குடிப்பாள். வேறு எதில் கொடுத்தாலும் கையை நீட்ட மாட்டாள். நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். அதனால்தான் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

~

எவ்ரோஸ் எல்லை முகாம்
மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நீ நலமா, பாப்பா நலமா? நான் நலமில்லை. மஞ்சள் கிண்ணம் என்று படித்ததும் பீன்ஸ் சூப்பைக்கூடத் தள்ளி வைத்துவிட்டேன்.

மஞ்சள் என்றால் யார் என்று உனக்குத் தெரியாததா? துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கூட்டம். கறுப்பும் மஞ்சளும் போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் குளவி மாதிரி அலையும். ஒரு கோல் போட்டால் அந்த வருடம் முழுக்க அதையே பேசும். அவர்களின் பாட்டில் மொத்தம் நான்கு வார்த்தை. அதில் இரண்டு நம் அம்மாவைப் பற்றி. அந்த நிறத்தில் என் மருமகள் பால் குடிக்கிறாள்.

உன் புருஷன் மில்டோஸின் வேலைதான் இது. அவன் எந்த அணிக்கும் இல்லை என்று நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். எந்த அணிக்கும் இல்லாத மனிதனை நான் நம்பவே மாட்டேன். படகுச் சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சீட்டுக் கிழிப்பான். ஆட்டம் நடக்கும்போது துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவான். உள்ளுக்குள் என்ன நிறம் வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

கிண்ணத்தை ஒளித்து வை. பசித்தால் பச்சையில் குடிப்பாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல், கிண்ணத்தைத் தவிர.

அனெஸ்டிஸ்

~

கலோலிமானி
ஏப்ரல் 27

அன்புத் தம்பி,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. பதில் எழுத நாளாகிவிட்டது. நோன்பு முடிவதற்குள் ஏதென்ஸுக்கு இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. சின்ன வேலைதான். எல்லோரும் நலம்.

பாப்பா வளர்கிறாள். நன்றாகப் பேசுகிறாள். அறைக்குள் யார் வந்தாலும் காலடிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். கீழ்வீட்டு ரீனியோ மாமி செருப்பில்லாமல் வந்து ஏமாற்றிப் பார்த்தாள். அவளையும் இருமலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

இன்னொன்று. யாராவது வந்து உன் காதில் போடுவதற்குள் நானே சொல்கிறேன். பாப்பா அறையில் இருந்த படங்களையெல்லாம் மில்டோஸ் எடுத்துவிட்டான். கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறான். பொம்மைகளைக் குறைத்து, மஞ்சளாக இருப்பதை மட்டும் ஒவ்வொன்றாக அதன் முன்னால் வைக்கிறான். மாடிப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறான். ரீனியோ மாமி பார்த்துவிட்டு, "என்னடி, வீட்டோட கட்சி மாறிட்டீங்களா? உங்கப்பன் இருந்தா படியேறி வருவானா?" என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அது கட்சி இல்லை அனெஸ்டிஸ். அவளுக்கு அது வசதியாக இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

~

எவ்ரோஸ் எல்லை முகாம்
மே 6

அன்புள்ள அக்கா,

நீ நலமா, பாப்பா நலமா? பதிலெல்லாம் வேண்டாம், படித்தேன், எல்லோரும் நலம்.

கறுப்புத் துணி. மஞ்சள் பொம்மை. மஞ்சள் படி. உன் கடிதத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். மேல் கட்டிலில் இருக்கிற லாரிஸா பையன் எட்டிப் பார்த்து, "டேய், உங்கக்கா பிள்ளை வளக்குறாளா, எதிரணி ஆபீஸ் நடத்துறாளா?" என்றான். கட்டிடமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

அது கட்சி இல்லையாம், வசதியாம். படுக்க வசதி, நடக்க வசதி கேள்விப்பட்டிருக்கிறேன். நிறத்தில் என்ன வசதி? உன் புருஷன் இணையத்தில் ஏதோ பிள்ளை வளர்ப்பு அம்மணியின் பக்கத்தைப் படித்திருப்பான். குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், குழந்தையின் கண்ணை மதிக்க வேண்டும் என்று எழுதி, கீழே மரப்பொம்மை விற்பார்கள். நானும் அங்கேயே வளர்ந்தவன்தான், அந்தக் கும்பலை எனக்குத் தெரியும். பின்னால் துணியைக் கட்டிப் பிள்ளையைப் படம் எடுப்பதற்காகவே பிள்ளை பெற்றவர்கள்.

நீ செய்யமாட்டாய் என்பதால் நானே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். அடுத்த பொட்டலத்தைக் கோஸ்மாஸ் நேரில் கொண்டுவருவான். கூடவே நான்காம் வாயிலின் ஒட்டுப்படங்களும் ஒரு கட்டு வரும். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். நீ ஒரு காப்பி மட்டும் போட்டுக்கொடு.

ஞானத்தகப்பனின் கடமையை இப்போதே தொடங்கிவிட்டேன்.

அனெஸ்டிஸ்

~

எவ்ரோஸ் எல்லை முகாம்
ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீ நலமா, பாப்பா நலமா? ஒரு மாதமாக ஒரு வரிகூட இல்லை. கோபமா?

கோஸ்மாஸ் எழுதியிருந்தான். நீ அடுப்படியில் இருந்த நேரத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாப் படியிலும் மஞ்சளை மறைத்துப் பச்சை ஒட்டிவிட்டானாம். "உங்க மச்சான் மூஞ்சிய நெனச்சு நெனச்சு வழியெல்லாம் சிரிச்சோம்" என்று எழுதியிருந்தான். சின்ன விளையாட்டுக்கா இவ்வளவு நாள் பேசாமல் இருப்பாய்? ஆகஸ்டுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாப்பாவுக்குச் சட்டை அளவு வேண்டும். அதையாவது எழுது.

அனெஸ்டிஸ்

~

கலோலிமானி
ஜூன் 10

அனெஸ்டிஸ்,

பெலாகியா எழுதமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். நான் நலம். உன் நலத்தைக் கேட்கவில்லை.

பாப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கண்ணில் பழுதில்லை. கண் பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் பழுது, குறைமாதத்தில் பிறந்ததால் வந்தது. ஏதென்ஸில் மருத்துவர் சொன்னது இது. இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு ஏதாவது ஒரு நிறம்தான் முதலில் பிடிபடுமாம். பெரும்பாலும் சிவப்போ மஞ்சளோ. அவளுக்கு மஞ்சள். பின்னால் கறுப்பு இருந்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். பழகப் பழகப் பார்வை கூடலாம் என்கிறார். உன் பச்சைத் தவளை எங்கள் பச்சை சோபாவில் இருந்தபோது அவளைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை.

படிகளை நான் அலங்காரத்துக்கு ஒட்டவில்லை. அந்த விளிம்பைப் பார்த்துத்தான் அவள் தானாக இறங்கக் கற்றுக்கொண்டிருந்தாள். உன் நண்பன் வந்துபோன மறுநாள் காலை, நாங்கள் கவனிப்பதற்குள், வழக்கம்போல் இறங்கினாள். தாடையில் தையல். இடது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இப்போது மாடியிலிருந்து இறங்கச் சொன்னால் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் 'பாப்பா நலமா' என்று கேட்கிறாய். அடுத்த வரியில் பச்சைக்குத் தாவிவிடுகிறாய். நான்கு வார்த்தைப் பாட்டு பாடுகிறவர்களை நீ கேலி செய்கிறாய். உனக்கு ஒரே வார்த்தை.

ஞானத்தகப்பனாக என்னோடு கூண்டில் வேலை செய்யும் அர்கீரிஸைக் கேட்கப்போகிறேன். அவனுக்குப் பந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாது.

மில்டோஸ்

~

எவ்ரோஸ் எல்லை முகாம்
ஜூலை 1

மில்டோஸ் அத்தானுக்கு,

மன்னிப்பு என்று நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். படிக்க எனக்கே கேவலமாக இருந்தது. அர்கீரிஸே இருக்கட்டும். நீங்கள் செய்தது சரி.

சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் போதும், வேறெதற்கும் இல்லை. மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? எலுமிச்சையா, முட்டைக்கருவா? எவ்வளவு தூரத்தில் இருந்தால் பிடிபடுகிறது? அசைந்தால் தெரியுமா, அசையாமல் இருந்தாலா? முகம் தெரியுமா? என் முகம் அவளுக்கு எப்போதாவது தெரிந்திருக்குமா? கட்டை எப்போது பிரிப்பார்கள்? வலிக்கிறது என்று சொல்கிறாளா, சொல்லாமல் இருக்கிறாளா?

லாரிஸா பையன் என் கண்ணைக் கட்டி முகாம் படிகளில் இறங்கச் சொன்னான். மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோஸ்மாஸுக்கு எழுதினேன். "புள்ளைங்க விழாம வளருமாடா?" என்று பதில் போட்டான். இவனைத்தான் தலைவன் என்று பச்சை குத்திக்கொள்ள இருந்தேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அனெஸ்டிஸ்

~

கலோலிமானி
ஜூலை 20

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை மில்டோஸ் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் போட்டு, "இவன் மொத மொறையா கேள்வி கேட்டிருக்கான். எழுது, நான் சொல்றேன்" என்றான். அவன் சொன்னது இது:

எலுமிச்சை மஞ்சள். நான்கைந்து எட்டுத் தூரம் வரை. பெரிதாக இருந்தால் இன்னும் தள்ளியும். அசைந்தால் சீக்கிரம் பிடிபடும். சத்தமும் கூட்டமும் இருந்தால் பார்க்கும் வேலை நின்றுவிடும், காதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். முகம் மட்டும் இன்னும் தெரியவில்லை. உன்னுடையது என்று இல்லை, யாருடையதும். கட்டு அடுத்த வாரம் பிரிப்பார்கள். வலியைச் சொல்லமாட்டாள், எங்கள் விரலைப் பிடித்துக்கொள்வாள்.

உனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உனக்குச் சொன்னால் உன் நானூறு பேருக்கும் சொன்ன மாதிரி. ஒன்று பச்சைக்காரர்கள் பரிதாபப்படுவார்கள், இல்லை மஞ்சள்காரர்கள் பாட்டு கட்டுவார்கள். என் பிள்ளை யாருடைய பாட்டிலும் வர வேண்டாம் என்று நினைத்தேன். போன் இல்லாத உன்னிடம்கூடச் சொல்லப் பயந்தேன் பார், அந்த அளவுக்கு உன்னைத் தெரியும் எனக்கு.

கட்டைப் பிரித்த பிறகும் அவள் தானாக நடக்க மாட்டாள் போலிருக்கிறது. விழுந்ததிலிருந்து சமதரையில்கூட அடி வைப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு திரிகிறோம். எனக்கு அந்தப் பயம்தான் இப்போது.

அர்கீரிஸை இன்னும் கேட்கவில்லை. "ஆகஸ்ட் இருபத்தி மூணு. வர்றதா இருந்தா வரட்டும். ஆனா அன்னிக்கு அவ அவன்கிட்ட போகணும். போகலேன்னா அர்கீரிஸ் பக்கத்துலயே நிப்பான்" என்கிறான் மில்டோஸ். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சட்டை அளவு இத்துடன் இருக்கிறது. என்ன நிறம் என்று நான் எழுதமாட்டேன்.

அக்கா

~

கலோலிமானி, நான்காம் வாயில்
செப்டம்பர் 1

அனெஸ்டிஸுக்கு,

நலம், நலமறிய அவசியமில்லை.

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தாச்சு. மஞ்சள்காரர்கள் அவர்கள் மைதானத்துக்கு வெளியே பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். கோயிலுக்குள்ளே, தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்திலே, அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாய். முதுகில் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர்காரனின் பெயர் வேறு இருந்ததாம்.

பிள்ளை விழுந்தது எங்களுக்கும் வருத்தம்தான். அதுக்காக இப்படியா? உன்னை வாயிலிலிருந்து நீக்கியாச்சு. உன் சேனலையும் எல்லோரும் விட்டாச்சு. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது, கூட்டத்தில் படிக்கிறேன்.

கோஸ்மாஸ்

~

எவ்ரோஸ் எல்லை முகாம்
செப்டம்பர் 9

கோஸ்மாஸ்,

கூட்டத்தில் படிப்பாய் என்றாய். நிறுத்தி நிதானமாகப் படி, உன் ஆட்களுக்கு நீளமான வாக்கியம் புரியாது.

சட்டை எங்கே கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு: துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் கடையில். பாப்பாவுக்கு மஞ்சள் கவுன் எளிதாகக் கிடைத்துவிட்டது. என் அளவில் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் ஊரில் வேறெங்கும் இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"ஒன்னத் தெரியும்டா எனக்கு. எதுக்கு வந்த, கடையக் கொளுத்தவா?"

"ட்ரிபிள் எக்ஸெல் இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். சட்டை பெருசா இருக்கணும். தூரத்துலேருந்து தெரியணும்."

அவர் உள்ளே போய் ஒன்பதாம் நம்பர் சட்டை ஒன்றை எடுத்து வந்து மேசையில் விரித்தார். ஏன் என்று கேட்கவில்லை. உன்னை மாதிரி ஆள் இல்லை.

கோயிலில் பாதிரியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "இது கர்த்தர் வீடு தம்பி, மைதானம் இல்ல" என்றார். தெரியும் சாமி, ஒரு நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மொத்தக் கோயிலும் வாயை மூடியது. நான்காம் வாயில் ஒரு நாளும் செய்யாத காரியம் அது.

என் அத்தான் வாசலில் பாப்பாவைத் தரையில் இறக்கி நிறுத்தினார். கைக்கட்டுப் பிரித்து அப்போது நான்கு வாரம் ஆகியிருந்தது. அதுவரை அவள் தானாக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நான் தொட்டிப் பக்கம் நின்றேன். அங்கே நின்றால் அவளுக்கு எட்டாது என்று புரிந்தது. முன்னால் நடந்தேன். இன்னும் நடந்தேன். அர்கீரிஸ் என்று ஒருத்தர் நல்ல கோட்டு போட்டுத் தூணோரமாகத் தயாராக நின்றார்.

"ஆட்டு, கைய ஆட்டு. இன்னும் நல்லா ஆட்டுடா" என்று அத்தான் மெதுவாகச் சொன்னார்.

ஆட்டினேன். நீங்கள் பார்த்துச் சிரிக்கும் படம் அப்போது எடுத்ததுதான். என் இரண்டு கையும் காற்றில் இருக்கிறது, வாய் பிளந்திருக்கிறது. படத்தை வெட்டிப் போட்டவர்கள் கீழே இருக்கிற பாதியை வெட்டிவிட்டார்கள். அதில்தான் அவள் இருக்கிறாள்.

முதலில் தலையைச் சாய்த்தாள். அப்புறம் தரையைக் காலால் தடவினாள், படி இருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் ஓர் அடி வைத்தாள். நின்றாள். என் பின்னால் யாரோ இருமினார்கள், அந்த ஆளைக் கொல்லலாம் போல் இருந்தது. மறுபடி நடந்தாள். என் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பாப்பா நேராக வந்து என் சட்டையில் முட்டிக்கொண்டாள். துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்டாள்.

"மாமா" என்றேன்.

"மஞ்ச மாமா" என்றாள்.

அர்கீரிஸ் தூணை விட்டு நகர்ந்து பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பாதிரியார் என்ன பெயர் என்று கேட்டார். மூன்று முறை, கோயில் முழுக்கக் கேட்க, அவள் பெயரைச் சொன்னேன்.

நீக்கியதற்கு நன்றி. அடுத்த ஆட்டத்திலும் நான் பச்சை அணிக்குத்தான் கத்துவேன், அதற்கு உன் அனுமதி வேண்டாம். என் பெயரைப் பட்டியலில் அடிக்கும்போது பக்கத்தில் ஏன் என்று ஒரு காரணம் எழுத இடம் இருந்தால், கீழே உள்ளபடி எழுதிக்கொள்.

அனெஸ்டிஸ்,
அஸ்பாசியாவின் ஞானத்தகப்பன்